புது பைக்குக்குப் பணம் கட்டுவது எப்படி: கொட்டேஷன் முதல் சாவி வரை

மாடலையும் நிறத்தையும் முடிவு செய்ய மூன்று மாதம் எடுத்துக்கொள்கிறவர்கள்கூட, பணத்தை எப்படிக் கட்டுவது என்பதை ஷோரூம் கவுண்டரில் நின்றுகொண்டுதான் யோசிக்கிறார்கள். எனக்காக இரண்டு முறையும், நண்பர்களுக்கும் உறவினர்களுக்கும் துணையாகப் பல முறையும் அந்தக் கவுண்டரில் நின்றிருக்கிறேன். வருகிற சிக்கல்கள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். கார்டின் தினசரி வரம்பு இடிக்கும். அனுப்பிய பணம் மாலை வரை டீலரின் கணக்கில் தெரியாது. லோன் வந்துவிட்டது என்பார்கள், ஆனால் வாங்குபவர் கையிலிருந்து கட்ட வேண்டியது எவ்வளவு என்று ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள்.

இதையெல்லாம் முன்கூட்டியே தவிர்த்துவிடலாம். கீழே உள்ள ஒவ்வொரு படியும் அடுத்த படிக்குத் தேவையான ஒரு தகவலைத் தருகிறது. அதனால் வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். வண்டி எடுக்கும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே தொடங்கினால் போதும். லோன் என்றால் இரண்டு வாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

1. மொத்தத் தொகையை வரி வரியாக எழுத்தில் வாங்குங்கள்

விளம்பரத்தில் இருக்கும் விலையும் நீங்கள் கட்டப்போகும் தொகையும் ஒன்றாக இருப்பது அபூர்வம். வண்டியின் விலையோடு வரி, பதிவுக் கட்டணம், இன்சூரன்ஸ், டீலரின் கையாளும் கட்டணம், ஆக்சசரீஸ், கூடுதல் வாரண்டி என்று பல வரிகள் சேரும். இவை அனைத்தும் தனித்தனியாகத் தெரியும்படி கொட்டேஷன் கேளுங்கள். எத்தனை நாள் செல்லும் என்ற தேதியும், டீலரின் முத்திரையும் அதில் இருக்க வேண்டும்.

ஏன் வரி வரியாக? எந்த வழியில் எவ்வளவு கட்டலாம் என்பதை இந்தப் பிரிவுதான் தீர்மானிக்கிறது. லோன் கொடுப்பவர் ஆக்சசரீஸுக்கும் கூடுதல் வாரண்டிக்கும் பணம் தர மறுக்கலாம். இன்சூரன்ஸை நீங்களே வெளியில் எடுத்தால் அந்தத் தொகை டீலருக்குப் போகவே வேண்டியதில்லை. மொத்தத் தொகையை மட்டும் வைத்துக்கொண்டு இந்த முடிவுகளை எடுக்க முடியாது.

கொட்டேஷன் கையில் வந்ததும், கட்டாயமானவை எவை, வேண்டாம் என்றால் நீக்கக்கூடியவை எவை என்று ஒவ்வொரு வரியாகக் கேட்டு பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். நீக்கச் சொன்னதை நீக்கிய பிறகு புதிய பிரதி வாங்குங்கள். வாய்வார்த்தையாக “எடுத்துவிடுகிறேன்” என்று சொன்ன வரி, இன்வாய்ஸ் அடிக்கும்போது திரும்ப வந்து உட்கார்ந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

2. கணக்குப் பிரிவில் இருப்பவரிடம் பேசுங்கள்

புதிதாக வாங்குகிறவர்கள் பணம் பற்றிய கேள்வியையும் சேல்ஸ்மேனிடமே கேட்கிறார்கள். அவர் நல்ல மனதோடு “எது வேணும்னாலும் கட்டலாம் சார்” என்பார். கார்டு மெஷினை வைத்திருப்பவரும், வங்கிக் கணக்கைப் பார்த்து “வந்துவிட்டது” என்று சொல்லப்போகிறவரும் கணக்குப் பிரிவில் இருக்கும் இன்னொருவர். அவரோடு ஐந்து நிமிடம் பேசிவிடுங்கள்.

அவரிடம் கேட்க வேண்டியவை இவை. எந்தெந்த வழிகளில் பணம் வாங்குகிறீர்கள்? ஒவ்வொரு வழியிலும் அதிகபட்சம் எவ்வளவு? கார்டில் கட்டினால் கூடுதல் கட்டணம் உண்டா? பணம் வந்து சேர்ந்தது என்று எப்போது ஏற்றுக்கொள்வீர்கள்: அனுப்பிய உடனேயா, கணக்கில் தெரிந்த பிறகா, செக் பாஸான பிறகா? என் பெயரில் இல்லாத கணக்கிலிருந்து பணம் வந்தால் ஏற்றுக்கொள்வீர்களா?

கடைசிக் கேள்வியைப் பெரும்பாலானவர்கள் கேட்பதே இல்லை. அப்பாவின் கணக்கிலிருந்தோ மனைவியின் கணக்கிலிருந்தோ பணம் வருவது குடும்பத்துக்குள் இயல்பான விஷயம். ஆனால் இன்வாய்ஸில் ஒரு பெயர், பணம் அனுப்பியவர் இன்னொரு பெயர் என்றால் சில டீலர்கள் நிறுத்திவைத்துவிடுவார்கள். பணமோசடித் தடுப்பு விதிகளின் கீழ் பணம் எங்கிருந்து வந்தது என்று கணக்குக் காட்ட வேண்டிய பொறுப்பு பல நாடுகளில் அவர்களுக்கு இருக்கிறது. எளிய வழி, பணத்தை முதலில் உங்கள் கணக்குக்கு மாற்றி, அங்கிருந்து டீலருக்கு அனுப்புவதுதான். அதற்கும் ஒரு நாள் வேண்டும். அதனால்தான் இந்தக் கேள்வியை இப்போதே கேட்கச் சொல்கிறேன்.

பதில்களை வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ ஒரு வரி எழுதி அனுப்பச் சொல்லுங்கள். பிறகு ஆள் மாறினாலும் அந்த வரி கையில் இருக்கும்.

3. உங்கள் வங்கியின் வரம்புகளைத் திறந்து வையுங்கள்

கணக்கில் பணம் இருப்பது ஒன்று, அதை ஒரே நாளில் வெளியே அனுப்ப முடிவது வேறு. கவுண்டரில் நடக்கும் தாமதங்களில் பெரும்பங்கு இங்கேதான் பிறக்கிறது.

டெபிட் கார்டுக்கு ஏடிஎம்மில் ஒரு வரம்பு, கடை மெஷினில் ஒரு வரம்பு, ஆன்லைனில் ஒரு வரம்பு எனத் தனித்தனியாக இருக்கலாம். ஆப் வழியாக அனுப்பும் பணத்துக்கு வேறொரு தினசரி வரம்பு உண்டு. இந்தியாவின் யுபிஐயில் சாதாரணப் பணப் பரிமாற்றத்துக்கு ஒரு நாளைக்கு 1 லட்சம் ரூபாய் என்பது வழக்கமான உச்சம். இதே போன்ற உடனடிப் பரிமாற்றச் சேவை உள்ள எந்த நாட்டிலும் சேவையின் வரம்பு ஒன்றாகவும், உங்கள் வங்கி வைத்த வரம்பு அதைவிடக் குறைவாகவும் இருக்கலாம்.

அப்புறம் புதிய பயனாளி. டீலரின் கணக்கை முதல்முறை சேர்த்தவுடன் பெரிய தொகையை அனுப்ப பல வங்கிகள் விடுவதில்லை. சில மணி நேரமோ, ஒரு முழு நாளோ காத்திருக்க வைக்கும். அந்த நேரத்தில் சிறு தொகை மட்டும் போகும். உங்கள் பாதுகாப்புக்காக வைத்த ஏற்பாடுதான், குறை சொல்ல முடியாது. ஆனால் சாவி வாங்கப் போன அன்று காலையில் கணக்கைச் சேர்த்தால் மாலை வரை உட்கார வேண்டியதுதான்.

டெலிவரிக்கு மூன்று நாள் முன்பே பயனாளியைச் சேருங்கள். வரம்பை உயர்த்துங்கள். வங்கிக்குப் போன் செய்து, இந்தத் தேதியில் இவ்வளவு தொகை இந்த டீலருக்குப் போகும் என்று சொல்லிவையுங்கள். வழக்கத்துக்கு மாறான பெரிய தொகை போனால் வங்கியின் மோசடிக் கண்காணிப்பு தானாகவே நிறுத்திவிடுவதுண்டு. முன்கூட்டிச் சொல்லிவைத்தால் அதை விடுவிப்பது சுலபம். டெலிவரி முடிந்ததும் வரம்பைப் பழையபடி இறக்கிவிடுங்கள்.

4. முன்பணம்: குறைவாக, கார்டில், நிபந்தனை எழுத்தில்

வண்டியை ஒதுக்கிவைக்க டீலர் ஒரு முன்பணம் கேட்பார். எவ்வளவு குறைவாகக் கொடுக்க முடியுமோ அவ்வளவு குறைவாகக் கொடுங்கள். வண்டி இன்னும் உங்கள் பெயருக்கு வராத நிலையில் கொடுக்கும் பணம் இது. டீலருக்கு நாளை ஏதாவது ஆனால் அவரிடமிருந்து பணம் வர வேண்டியவர்கள் வரிசையில் நீங்கள் கடைசியில் நிற்பீர்கள்.

இந்தத் தொகைக்குக் கிரெடிட் கார்டு பொருத்தமானது. பொருள் வரவில்லை என்றால் கார்டு கொடுத்த வங்கியிடம் முறையிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்கும் வழி கார்டில் இருக்கிறது. கணக்கிலிருந்து நேராக அனுப்பிய பணத்துக்கு அந்த வசதி பெரும்பாலும் கிடையாது. பிரிட்டனில் இது சட்டமாகவே இருக்கிறது. 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டம், 75ஆவது பிரிவின்படி, 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள பொருளுக்கு ஒரு பகுதியை மட்டும் கிரெடிட் கார்டில் கட்டியிருந்தாலும் முழுத் தொகைக்கும் கார்டு நிறுவனம் விற்பவரோடு சேர்ந்து பொறுப்பேற்க வேண்டும். உங்கள் நாட்டில் பாதுகாப்பு இதைவிடக் குறைவாக இருக்கலாம். அப்படியிருந்தும் முறையிட ஒரு கதவு இருப்பது நல்லது.

முன்பண ரசீதில் மாடல், வேரியண்ட், நிறம், எதிர்பார்க்கும் டெலிவரித் தேதி ஆகியவை இருக்க வேண்டும். வேண்டாம் என்று முடிவு செய்தால் எவ்வளவு திரும்பும், எத்தனை நாளில், எந்த வழியில் என்பதும் இருக்க வேண்டும். “புக்கிங் அட்வான்ஸ்” என்ற இரண்டு வார்த்தையும் ஒரு தொகையும் மட்டும் இருக்கும் சீட்டை வாங்கிக்கொண்டு வராதீர்கள். நிறம் மாறி வந்து பேச்சுவார்த்தை நடக்கும்போது அந்தச் சீட்டு உங்களுக்கு எந்த உதவியும் செய்யாது.

இங்கே நடக்கும் மிக மோசமான தவறு, சேல்ஸ்மேனின் சொந்த எண்ணுக்குப் பணம் அனுப்புவது. “ஆபீஸ் மெஷின் வேலை செய்யல, என் நம்பருக்குப் போடுங்க, நான் கட்டிடறேன்” என்று சொல்வார். அவர் நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனாலும் அந்தப் பணம் டீலரின் புத்தகத்தில் ஏறாது. நாளை அவர் வேலையை விட்டுப் போனால் டீலர் கைவிரித்துவிடலாம். மெஷின் சரியான பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

5. மீதித் தொகைக்கு எந்த வழி

முன்பணம் போக மீதிதான் பெரிய தொகை. டீலர்கள் ஏற்கும் வழிகளையும், ஒவ்வொன்றையும் அவர்கள் ஏன் விரும்புகிறார்கள் அல்லது தயங்குகிறார்கள் என்பதையும் சொல்கிறேன். காரணம் தெரிந்தால் பேசுவது எளிது.

வங்கிப் பரிமாற்றம். ஏறக்குறைய எல்லா டீலர்களும் முதலில் சொல்வது இதைத்தான். அவர்களுக்குக் கட்டணம் மிகக் குறைவு, வந்த பணம் திரும்பிப் போகாது. உங்களுக்கும் ஆதாரம் தெளிவாக இருக்கும். இந்தியாவில் 2 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் ஆர்டிஜிஎஸ் என்ற பெருந்தொகைப் பரிமாற்ற வழியில் போகலாம். 2020 டிசம்பர் 14 முதல் அது நாள் முழுக்க, விடுமுறையிலும் இயங்குகிறது. என்இஎஃப்டி என்ற இன்னொரு வங்கிப் பரிமாற்ற வழி அரை மணி நேரத்துக்கு ஒரு முறை தொகுப்பாகப் போகும், அதுவும் எல்லா நாளும் உண்டு. வங்கி நேரத்தில் மட்டும் பணம் நகரும் நாடுகளில் வாரக் கடைசியைத் தவிர்ப்பது அவசியம். வெள்ளிக்கிழமை மாலை அனுப்பியது திங்கட்கிழமைதான் தெரியும், அதுவரை வண்டி ஷோரூமிலேயே நிற்கும்.

இந்த வழியின் அபாயமும் அதே இடத்தில்தான் இருக்கிறது. தவறான கணக்குக்குப் போய்விட்டால் திரும்ப வாங்குவது மிகக் கடினம். 8ஆம் படியில் இதற்கான சோதனையைச் சொல்லியிருக்கிறேன், அதைத் தாண்டிப் போகாதீர்கள்.

உடனடிப் பரிமாற்ற ஆப். வேகம் நன்றாக இருக்கும், தொகை வரம்பு குறுக்கே நிற்கும். முன்பணத்துக்கும் கடைசியில் வரும் சிறு வித்தியாசத்துக்கும் இது வசதி. முழுத் தொகையையும் மூன்று நாள் துண்டு துண்டாக அனுப்பலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அனுப்பலாம், ஆனால் ஒவ்வொரு துண்டுக்கும் தனி ரசீது வாங்கிக் கணக்கை ஒட்ட வேண்டும். அந்தச் சிரமத்துக்கு ஒரு முறை வங்கிக்குப் போய் வருவது மேல்.

டெபிட் கார்டு. வரம்பை உயர்த்தியிருந்தால் நல்ல வழி. மெஷினிலிருந்து வரும் சீட்டு அங்கேயே கையில் கிடைக்கிறது. பணம் வந்ததா இல்லையா என்ற காத்திருப்பு இல்லை.

கிரெடிட் கார்டு. டீலர்கள் தயங்குவது இதற்குத்தான். ஒவ்வொரு கார்டுப் பரிவர்த்தனையிலும் ஒரு சதவீதத்தை வங்கிக்கும் கார்டு வலையமைப்புக்கும் கொடுக்கிறார்கள். வண்டியில் டீலருக்குக் கிடைக்கும் லாபமே குறுகலானது. முழு விலையையும் கார்டில் வாங்கினால் அந்த லாபத்தில் கணிசமான பகுதி அதில் கரைந்துவிடும். அதனால் ஒரு தொகை வரை மட்டும் ஏற்பார்கள், அல்லது கூடுதல் கட்டணம் கேட்பார்கள். ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரிட்டனிலும் சாதாரண வாடிக்கையாளர் கார்டுகளுக்கு அப்படிக் கேட்பது 2018 ஜனவரி 13 முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது. அங்கே கூடுதல் கேட்பதற்குப் பதிலாக ஒரு வரம்பை வைத்துக்கொள்கிறார்கள். தடையில்லாத இடங்களில் ரிவார்டு புள்ளிக்காகக் கார்டில் கட்டப்போகிறவர்கள், அந்தப் புள்ளியின் மதிப்பைக் கூடுதல் கட்டணத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் கட்டணம்தான் பெரிதாக இருக்கும்.

டிமாண்ட் டிராஃப்ட் அல்லது வங்கிக் காசோலை. உங்கள் கணக்கிலிருந்து பணத்தை முதலிலேயே எடுத்துக்கொண்டு வங்கி தன் பொறுப்பில் எழுதித்தரும் தாள் இது. பணமில்லாமல் திரும்பாது என்பதால் டீலர்கள் நம்பி வாங்குவார்கள். ஆனால் போலித் தாள்கள் இந்த உருவத்திலேயே அதிகம் உலவுகின்றன. அமெரிக்காவில் இது பழைய பிரச்சினை: டெபாசிட் செய்த மறுநாளே பணம் கணக்கில் தெரியும், தாள் போலி என்று தெரிய சில வாரங்கள்கூட ஆகலாம். அதனால் எழுதித்தந்த வங்கிக்குப் போன் செய்து உறுதிப்படுத்திய பிறகே டீலர் வண்டியை விடுவார். அவமதிக்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். வங்கி திறந்திருக்கும் நேரத்தில் போனால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். டீலரின் சட்டப்பூர்வமான பெயரை எழுத்துக்கு எழுத்து சரியாக எழுதிக்கொண்டு வங்கிக்குப் போங்கள். போர்டில் இருக்கும் ஷோரூம் பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் பல நேரம் வேறு வேறாக இருக்கும். பெயர் தவறிய டிராஃப்டை ரத்து செய்து புதிது வாங்க இன்னொரு நாள் போய்விடும். இந்தியாவில் டிராஃப்ட் எழுதிய தேதியிலிருந்து 3 மாதம்தான் செல்லும் என்பதால் டெலிவரி தள்ளிப்போகும் என்று தெரிந்தால் அவசரப்பட்டு எடுக்காதீர்கள்.

சாதாரண செக். ஏற்றுக்கொள்வார்கள், ஆனால் பாஸான பிறகுதான் வண்டி. இதைத் தெரிந்துகொண்டு சில நாள் முன்பே கொடுத்துவிடுகிறவர்களுக்குச் சிக்கல் இல்லை. அன்றைக்கே எடுக்கலாம் என்று செக் புத்தகத்தோடு வருகிறவர்கள்தான் ஏமாற்றத்தோடு திரும்புகிறார்கள்.

ரொக்கம். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். கட்டாகப் பணம் கொண்டுபோனால் பேரம் பேசலாம் என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. டீலரின் பக்கத்திலிருந்து பார்த்தால் ரொக்கம் என்பது எண்ண வேண்டியது, கள்ளநோட்டுச் சோதிக்க வேண்டியது, பத்திரமாக வங்கிக்குக் கொண்டுபோக வேண்டியது. லோன் எடுத்தால் லோன் நிறுவனத்திடமிருந்து அவர்களுக்குக் கமிஷன் கிடைக்கும் வாய்ப்புண்டு. ரொக்கத்தில் அதுவும் இல்லை. அதனால் ரொக்கத்துக்குத் தனிச் சலுகை கிடைப்பது இப்போது அரிது.

அதைவிட முக்கியம் சட்டம். இந்தியாவில் 2017 ஏப்ரல் 1 முதல், ஒருவரிடமிருந்து ஒரே நாளில், அல்லது ஒரே பரிவர்த்தனைக்காக, 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம், அது வாங்கியவர் மேல் விழும். ஒரே வண்டிக்காக இரண்டு நாளில் பிரித்துக் கொடுத்தாலும் அது ஒரே பரிவர்த்தனைதான். அமெரிக்காவில் 10,000 டாலருக்கு மேல் ரொக்கம் வாங்கும் டீலர், 15 நாட்களுக்குள் 8300 என்ற எண்ணுள்ள படிவத்தில் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். அதைத் தவிர்ப்பதற்காக வேண்டுமென்றே பிரித்துக் கட்டுவது தனிக் குற்றம். பிரான்ஸில் வசிப்பவர் வியாபாரியிடம் 1,000 யூரோவுக்கு மேல் ரொக்கமாகக் கட்ட முடியாது. ஐரோப்பிய ஒன்றியம் முழுமைக்கும் 10,000 யூரோ என்ற பொது உச்சவரம்பு 2027 ஜூலை முதல் வருகிறது. டீலர் ரொக்கம் வேண்டாம் என்று சொன்னால் காரணம் இதுதான்.

என் யோசனை: முன்பணம் கிரெடிட் கார்டில், மீதி வங்கிப் பரிமாற்றத்தில், கடைசி நிமிட வித்தியாசம் டெபிட் கார்டிலோ ஆப்பிலோ. மூன்று வழிக்கு மேல் போகாதீர்கள். ரசீதுகளை ஒட்டிப் பார்க்கும்போது குழம்பிவிடும்.

6. லோன் என்றால் யார் எதை யாருக்குக் கட்டுகிறார்கள்

லோன் பணம் உங்கள் கைக்கு வராது. வண்டியை அடமானமாக வைத்துத் தரும் கடனில் வங்கியோ நிதி நிறுவனமோ நேராக டீலருக்கு அனுப்பும். மீதியை, அதாவது டவுன் பேமென்ட்டை, நீங்கள் டீலருக்குக் கட்டுகிறீர்கள். இந்த இரண்டும் சேர்ந்தால் கொட்டேஷனின் மொத்தம் வர வேண்டும். வராவிட்டால் எங்கேயோ ஒரு கட்டணம் ஒளிந்திருக்கிறது.

பெரும்பாலும் அது இப்படி நடக்கும்: அனுமதித்த தொகை ஒன்று, பிராசசிங் கட்டணமும் கடனுக்கான காப்பீடும் கழிந்து டீலருக்குப் போகும் தொகை இன்னொன்று. வாங்குபவர் முதல் எண்ணை வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டு வருவார். கவுண்டரில் துண்டு விழும். அனுமதிக் கடிதம் வாங்கியதும், டீலர் கணக்குக்கு நிகரமாக எவ்வளவு போகும் என்று கேட்டு அந்த எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் டவுன் பேமென்ட்டை அதை வைத்துத்தான் கணக்கிட வேண்டும்.

வட்டியைப் பற்றி ஒன்றே ஒன்று. “8% ஃபிளாட்” என்று சொன்னால், கடன் குறைந்துகொண்டே வந்தாலும் முழுக் கடனுக்கும் கடைசி வரை 8% போடுகிறார்கள் என்று பொருள். 3 வருடக் கடனில் அது குறையும் நிலுவைக் கணக்கில் ஏறக்குறைய 14.5 சதவீதத்துக்குச் சமம். இரண்டு நிறுவனங்களை ஒப்பிடும்போது இரண்டையும் குறையும் நிலுவைக் கணக்கிலேயே கேளுங்கள்.

வரிசையும் முக்கியம். லோன் அனுமதிக் கடிதம் வருவதற்கு முன் டவுன் பேமென்ட்டைக் கட்டாதீர்கள். அனுமதி மறுக்கப்பட்டால் உங்கள் பெரிய தொகை டீலரிடம் சிக்கிக்கொள்ளும். அதே போல, வண்டி ஷோரூமுக்கு வருவதற்கு முன் லோன் தொகையை விடுவிக்கச் சொல்லாதீர்கள். பணம் விடுவிக்கப்பட்ட நாளிலிருந்து வட்டி ஓடத் தொடங்கும், ஓட்ட வண்டி இருக்காது.

7. பழைய வண்டியைக் கொடுத்தால்

பழைய வண்டியின் மதிப்பும் ஒரு வகைப் பணம்தான். அதை இன்வாய்ஸிலோ தனிக் கடிதத்திலோ ஒரு வரியாக எழுதி வாங்குங்கள். “எக்ஸ்சேஞ்ச் போனஸ் உள்பட” என்று ஒரே எண்ணாகச் சொன்னால், வண்டியின் மதிப்பு எவ்வளவு, போனஸ் எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். பழைய வண்டியை வெளியில் விற்றால் எது இழப்பு என்று அப்போதுதான் தெரியும்.

பழைய வண்டியில் கடன் பாக்கி இருந்தால் அதை முடித்து, கடன் கொடுத்தவரிடமிருந்து ஆட்சேபணை இல்லை என்ற கடிதம் வாங்கிய பிறகே டீலர் மதிப்பைக் கழிப்பார். அதற்கு நாள் ஆகும், முன்பே தொடங்குங்கள். வண்டியை ஒப்படைக்கும் நேரத்தில் தேதியும் நேரமும் போட்டு ஒரு ஒப்படைப்புச் சீட்டு கையெழுத்து வாங்குங்கள். பெயர் மாறும் வரை அந்த வண்டியில் நடக்கும் எதற்கும் முதலில் உங்களைத்தான் தேடி வருவார்கள்.

8. வண்டியைப் பார்த்த பிறகு மீதியை அனுப்புங்கள்

பணத்தை அனுப்பிவிட்டு வண்டியைப் பார்க்கப் போவது பழக்கமாகிவிட்டது. அதை மாற்றுங்கள். முதலில் வண்டி முன்னால் நில்லுங்கள். சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் போனில் படம் எடுங்கள். கீறல், நிறம், ஓடோமீட்டர், தயாரித்த மாதம் எல்லாம் பாருங்கள். பிறகு இன்வாய்ஸின் வரைவைக் கேட்டு, அதே எண்கள், உங்கள் பெயர் உங்கள் அடையாள அட்டையில் உள்ளபடி, லோன் இருந்தால் கடன் கொடுப்பவரின் பெயர் ஆகியவை சரியாக இருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள். மீதித் தொகை இன்னும் உங்கள் கையில் இருக்கும்போது ஒரு தவறைத் திருத்துவது பத்து நிமிட வேலை. பணம் போன பிறகு அதே தவறுக்கு இரண்டு வாரம் நடக்க வேண்டியிருக்கும்.

இனி கணக்கு எண். டீலரின் வங்கி விவரத்தை மின்னஞ்சலில் வந்தபடி அப்படியே நம்பாதீர்கள். டீலரின் மின்னஞ்சலுக்குள் புகுந்து, “எங்கள் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் செலுத்தவும்” என்று அனுப்புவது உலகம் முழுக்க நடக்கும் மோசடி. கடிதம் அச்சு அசலாக இருக்கும், கணக்கு எண் மட்டும் வேறு. ஷோரூமில் நேரில் இருந்தால் கணக்குப் பிரிவில் உட்கார்ந்திருப்பவரை எண்ணை வாய்விட்டுப் படிக்கச் சொல்லி ஒப்பிடுங்கள். தூரத்தில் இருந்தால் முன்பே உங்களிடம் இருக்கும் எண்ணுக்கு நீங்களே போன் செய்யுங்கள். அந்த மின்னஞ்சலில் உள்ள எண்ணுக்குச் செய்யாதீர்கள்.

பணம் அனுப்பும்போது கணக்கு வைத்திருப்பவரின் பெயரை வங்கியே காட்டும் வசதி இப்போது பல இடங்களில் வந்திருக்கிறது. பிரிட்டனில் 2020இலேயே தொடங்கியது, யூரோ நாடுகளில் 2025 அக்டோபர் முதல் கட்டாயம். பெயர் பொருந்தவில்லை என்று எச்சரிக்கை வந்தால் நிறுத்துங்கள். அவசரப்படுத்தும் குரல் எதுவாக இருந்தாலும் காரணம் தெரியும் வரை அனுப்பாதீர்கள்.

முதலில் ஒரு சிறு தொகை அனுப்பி, வந்ததா என்று கேளுங்கள். வந்ததும் மீதி. அனுப்பும்போது குறிப்புப் பகுதியில் புக்கிங் எண்ணையோ சேஸிஸ் எண்ணின் கடைசி ஆறு இலக்கத்தையோ எழுதுங்கள். என் முதல் வண்டிக்கு நான் இதை எழுதாமல் விட்டேன். அதே நாளில் அதே மாடலுக்கு, ஏறக்குறைய அதே தொகையை இன்னொருவரும் அனுப்பியிருந்தார். எது யாருடையது என்று பிரித்துச் சொல்ல அந்த டீலருக்கு இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் நான் தூங்கவில்லை.

9. ரசீதுகளை இன்வாய்ஸோடு ஒட்டிப் பாருங்கள்

கட்டிய ஒவ்வொரு தொகைக்கும் டீலரின் ரசீது தனியாக வேண்டும். வங்கியின் குறுஞ்செய்தியோ கார்டு மெஷின் சீட்டோ பணம் உங்களிடமிருந்து போனதற்குத்தான் ஆதாரம். எதற்காக வாங்கினார்கள் என்பதை டீலரின் ரசீதுதான் சொல்லும்.

சாவியை வாங்குவதற்கு முன் ஒரு தாளில் எழுதுங்கள்: முன்பணம், மீதி, லோன் நிகரத் தொகை, பழைய வண்டி மதிப்பு. கூட்டுங்கள். இன்வாய்ஸ், இன்சூரன்ஸ், பதிவுக் கட்டணம், ஆக்சசரீஸ் பில்கள் இவற்றின் கூட்டுத்தொகையோடு அது பொருந்த வேண்டும். பதிவுக் கட்டணத்தைத் தோராயமாக வாங்கிவிட்டு உண்மையில் குறைவாகக் கட்டியிருந்தால், மீதி உங்களுக்குத் திரும்ப வேண்டிய பணம். கேட்டால் தருவார்கள், கேட்காவிட்டால் யாருக்கும் நினைவிருக்காது.

தாள் ரசீதுகளின் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும், முக்கியமாக மெஷின் சீட்டுகள். அன்றே படம் எடுத்து வையுங்கள்.

10. இடையில் மாட்டிக்கொண்டால்

பணம் போய்விட்டது, டீலருக்குத் தெரியவில்லை என்றால் மறுபடி அனுப்பாதீர்கள். பரிவர்த்தனைக் குறிப்பு எண்ணை எடுத்து இரண்டு பக்க வங்கியிலும் தேடச் சொல்லுங்கள். இந்தியாவில் யுடிஆர் எண் என்று கேட்டால் உடனே புரியும். பதற்றத்தில் இரண்டாவது முறை அனுப்பியவர்கள் பைக்கோடு சேர்த்து, கூடுதலாகப் போன பணத்தைத் திரும்ப வாங்கும் வேலையையும் வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள்.

கார்டு மெஷின் தோல்வி என்று காட்டியும் உங்கள் கணக்கில் பணம் கழிந்திருந்தால், மெஷின் அடித்த தோல்விச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலும் சில நாளில் தானாகத் திரும்பும், திரும்பாவிட்டால் அந்தச் சீட்டுதான் முறையீட்டுக்கு ஆதாரம். அன்றைய தேவைக்கு வேறு வழியில் கட்டிவிட்டு, இரண்டு முறை கழிந்ததாக டீலரிடம் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

புக்கிங்கை ரத்து செய்கிறீர்கள் என்றால் எழுத்தில் தெரிவித்து, பணம் வந்த வழியிலேயே திரும்பக் கேளுங்கள். கார்டில் கட்டியது கார்டுக்கே, கணக்கிலிருந்து போனது அதே கணக்குக்கே. வேறு யாரோ ஒருவரின் கணக்குக்கு அனுப்பச் சொன்னால் டீலரின் கணக்குப் பிரிவு மறுக்கும். அது அவர்களுடைய கெடுபிடி என்று தோன்றலாம், ஆனால் உங்கள் பெயரில் வேறொருவர் ரத்து செய்து பணத்தை வாங்கிப் போகாமல் தடுப்பதும் அதுதான். ரத்து செய்த பிறகும் லோன் தொகை டீலரிடம் போயிருந்தால், அது கடன் கொடுத்தவருக்குத் திரும்பியதற்கான கடிதம் கையில் வரும் வரை தவணைக் கணக்கைக் கவனித்துக்கொண்டே இருங்கள்.